ராதோய்கோவுக்கு ஆகாத சத்தம்

பீன்ஸ் சூப்பை வாய்க்குக் கொண்டுபோன ராதோய்கோ, கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். சுவரில் இருப்பது தெர்மோஸ்டாட். வீட்டைச் சூடாக்கும் நிலவறைக் கொதிகலனில் விறகுத் தீ தணிந்து வீடு குளிர்ந்தால், இந்தச் சின்னப் பெட்டி ‘டக்’ என்று மின்சார ஹீட்டரை முடுக்கிவிடும். அந்த ‘டக்’ அவருக்கு ஆகவே ஆகாது.

“நான் உசுரோட இருக்கறப்ப என் வீட்டைக் கரண்டு வந்து சூடாக்கணுமா?” என்பார். சத்தம் கேட்டால் போதும், கைத்தடியும் கையுமாக நிலவறைப் படியில் இறங்கிவிடுவார். இடுப்பில் செயற்கை மூட்டு. இன்னொரு தரம் விழுந்தால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹீட்டர் மாட்டியதே அதனால்தான். காலையில் மட்டும் மனைவி மிலுங்காவின் தோளைப் பிடித்து இறங்கி, ஒரு தரம் விறகு அடுக்கிவிட்டு வரலாம்.

“சும்மா கிட மனுஷா, அது பாட்டுக்கு எரியட்டும்” என்று மிலுங்கா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். இப்போதெல்லாம் மதியம் அவர் கண்ணயர்ந்ததும் அவளே இறங்கி விறகு போடுகிறாள். சத்தம் வராவிட்டால் அவர் எழுந்திருக்கமாட்டார், அவ்வளவுதான். பீச் என்ற காட்டு மரத்துக் கட்டை ஒவ்வொன்றும் கைக்குழந்தைக் கனம். முதுகு விட்டுப்போகிறது. யாரிடம் சொல்லி அழுவது?

எழுந்த பிறகு அவர் பெருமை தாங்காது. பக்கத்து வீட்டு திராகிச்சாவுக்குப் பிளம் சாராயத்தை ஊற்றிக்கொண்டே, “பாத்தியா, காலைல போட்டது இன்னும் நின்னு எரியுது. கட்டை தடியா இருக்கணும்டா. உன்னை மாதிரி சுள்ளி போட்டா கரண்டு வந்து பல்லைக் காட்டும்” என்பார். மிலுங்கா கரி படிந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள்.

இன்று மதியம் நிலவறைக்குக் கிளம்பியவள், படுக்கை காலியாகக் கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போனாள். ஆள் நிலவறையில் இல்லை. கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தடித்த கட்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்திச் சின்னக் கோடரியால் பிளந்துகொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் திராகிச்சா நின்றிருந்தான்.

“என்னண்ணே, எல்லாத்தையும் சுள்ளியாக்கிட்டீங்க? தடியா இருந்தாத்தான் நிக்கும்னீங்களே?”

“உன் வேலையைப் பாருடா.”

பிளந்த துண்டு ஒன்றை எடுத்து, ஒற்றைக் கையில் ஏற்றி இறக்கிக் கனம் பார்த்தார். கொல்லை வாசற்படியில் நின்ற மிலுங்காவை ஒரு தரம் பார்த்தார். பிறகு அதைத் திரும்ப நிறுத்தி, இன்னொரு தரம் பிளந்தார்.