எறியாத பந்து

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். சிங்காநல்லூர் குளக்கரையில் நாற்பது நிமிட நடை. திரும்பும் வழியில் பால் பாக்கெட் இரண்டு. ஆறரைக்கு நாளிதழ், ஏழே காலுக்குக் குளியல். வெள்ளைச் சட்டையை நானே தேய்த்துக்கொண்டேன். பத்து மணிக்குக் கம்பெனி கிரிக்கெட் லீக்கின் புதிய நடுவர்கள் பதினான்கு பேருக்கு நான் வகுப்பு எடுக்க வேண்டும். பந்தை வீசுவது எது, எறிவது எது என்பதுதான் பாடம்.

ஒரு பம்பு கம்பெனியின் தர ஆய்வுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை. ஞாயிறுகளில் நடுவர். வகுப்பில் முதலில் விதியைச் சொன்னேன். கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும்வரை, மடங்கியிருந்த முழங்கை நீளக் கூடாது. நீண்டால் சவுக்கைச் சொடுக்கியதுபோலப் பந்துக்குக் கூடுதல் விசை கிடைத்துவிடும். மடங்கிய கை மடங்கியபடியே சுற்றினால் குற்றமில்லை. சர்வதேச ஆட்டக்காரர்களை ஆய்வுக்கூடத்தில் கேமரா வைத்து அளந்து, பதினைந்து டிகிரி வரை அனுமதிக்கிறார்கள். நம்மிடம் இருப்பவை இரண்டு கண்கள்தாம்.

பிறகு பையிலிருந்து, போல்ட்டை முடுக்க உதவும் 'எல்' வடிவ ஆலன் கீ ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். ஒரு பக்கத்திலிருந்து பார்க்க அதன் வளைவு தெரிந்தது. கால் சுற்று திருப்பியதும் நேர்க்கம்பியாகத் தெரிந்தது. கம்பி நிமிரவில்லை, நாம் பார்க்கும் கோணம்தான் மாறியது; வளைந்த கை தோளிலிருந்து சுழலும்போதும் இப்படித்தான் நீள்வதுபோலத் தோன்றும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மில் ஃபிட்டர் எழுந்தார்.

"ஏனுங்க சார், இப்படிப் பாத்து நீங்க யாரையாச்சும் தப்பா நோ-பால் கூப்பிட்டுப் போட்டீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிட்ட பொய் அது.

நான் அப்படிக் கூப்பிட்டது என் மனைவியின் தம்பியை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு ஃபவுண்டரியில் தற்காலிகத் தொழிலாளி. தங்கள் அணிக்கு ஆஃப் ஸ்பின் போடுவார் என்பதற்காகவே வேலைக்கு எடுத்திருந்தார்கள். அந்த சீசன் நல்லபடியாக முடிந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொல்லியிருந்தார். என் மனைவி அதற்காக அவிநாசிக் கோயிலில் வேண்டிக்கொண்டிருந்தாள். மைத்துனர் நாலே எட்டு ஓடி வந்து போடுவார். பந்து காற்றில் ஸ்லிப் பக்கமாக லேசாக விலகிப் போய், தரையில் பட்டதும் மனம் மாறியதுபோல ஸ்டம்பை நோக்கித் திரும்பும்.

அரையிறுதியன்று வர வேண்டிய நடுவருக்குக் காய்ச்சல். வேறு ஆள் கிடைக்காமல் நான் நின்றேன். உறவைச் சொன்னேன், இரண்டு கேப்டன்களும் ஒப்புக்கொண்டார்கள். முதல் ஓவரிலேயே அவருக்கு இரண்டு விக்கெட். அதில் ஒன்று, ஸ்கொயர் லெக்கில் நின்ற நான் கொடுத்த ஸ்டம்பிங். எனக்குப் பின்னால் எல்லைக்கோட்டருகே உட்கார்ந்திருந்த எதிரணி கேப்டன் என் காதுபடச் சொன்னார்:

"மச்சினன் பந்து போடறாரு, மாமன் வெரலத் தூக்கறாரு. நமக்கு இங்க என்ன வேலை? போயி போண்டா திங்கலாம், வாங்கடா."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். மைத்துனரின் அடுத்த ஓவரில் அவர் முழங்கை நீள்வதைக் கண்டேன். கையைப் பக்கவாட்டில் நீட்டி நோ-பால் என்றேன். அன்றிருந்த விதிப்படி முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை இறுதி எச்சரிக்கை, மூன்றாம் முறைக்குப் பிறகு அந்த இன்னிங்ஸில் பந்து போடக் கூடாது. பதினொரு பந்துகளுக்குள் மூன்றையும் முடித்தேன். அவர் பந்தைத் தன் கேப்டனிடம் கொடுத்துவிட்டு எல்லைக்கோட்டுக்குப் போய் நின்றார். ஆட்டம் முடிந்ததும் எதிரணி கேப்டன் வந்து எனக்குக் கை கொடுத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். எறிகிறவன் நமக்கு எதற்கு என்று, அந்த மாதக் கடைசியோடு ஃபவுண்டரியில் மைத்துனரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அதன் பிறகு அவர் பந்தைத் தொடவில்லை.

அறியாமல் செய்த பிழையென்றால் ஆறுதல் உண்டு. ஏழு வயதில் உடைந்து கோணலாகக் கூடிய முழங்கை அது. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் மைத்துனரும் கை கோத்து உட்காரும் கைகோர்வைச் சீரில், மங்கல வாழ்த்து பாடி முடியும்வரை அந்தக் கை என் கைக்குள்தான் இருந்தது. கையை இன்னும் கொஞ்சம் நீட்டு என்ற பெரியவரிடம், "இதுக்கு மேல நீளாதுங்க" என்று சொல்லி அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நீளவே முடியாத கை நீண்டது என்று மூன்று முறை சொன்னவன் நான். அன்றைய நாட்குறிப்பில் மூன்று நோ-பால்களுக்கும் ஓவர் எண் எழுதி வைத்திருக்கிறேன். அந்த முழங்கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

வகுப்பு முடிந்து மதியம் வீடு திரும்பினேன். ஐந்து மணிக்குப் போத்தனூரில் மைத்துனர் வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது ஓட்டும் சரக்கு ஆட்டோவை வீட்டு முன்னால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை மூடிவிட்டு உள்ளே அழைத்துப்போய் நாற்காலி போட்டார். அன்று கூப்பிட்டது தப்பு, தெரிந்தே செய்த தப்பு என்று சொல்லி முடித்தேன். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார்.

"தெரியுமுங்க மாமா. அக்கா சங்கடப்படுமேன்னு உட்டுட்டேன்" என்றார். பிறகு குரல் உயராமலே சொன்னார்: "கூப்பிட்டப்ப அத்தன பேரு முன்னால கூப்பிட்டீங்க. தப்புன்னு சொல்றதுக்கு மட்டும் ஊட்டுக்குள்ள வந்திருக்கீங்க."

காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்தேன்.

பிப்ரவரி 10, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். நடைக்குப் போகவில்லை. லீக் செயலாளரும் புதிய நடுவர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், முதல் வேலையாக இதை எழுதி அனுப்பினேன்: நேற்று வகுப்பில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். ஒருவரை மூன்று முறை தவறாகக் கூப்பிட்டேன். அவர் பெயர், அணி, ஆண்டு, ஓவர் எண்கள் கீழே உள்ளன. அவர் எறியவில்லை.