பனி வழிமறித்த வியாழனும் ஓர் ஆங்கில விடுதியும்

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். சுவிஸுக்கு வந்த ஏழாவது நாள், மகளைத் தூக்கிக்கொண்டு டாவோஸுக்குப் புறப்பட்டேன். அவளுக்கு அப்போது பதினாறு மாதம். அவளுடைய அப்பா அவளை இன்னும் பார்த்ததில்லை. நான் நாலு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஊரைவிட்டு வெளிக்கிட்டவர், டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களால் ஹோட்டல் நிரம்பி வழியும் காலம் அது. கிழமையில் ஒரு நாள்தான் ஓய்வு, அதுவும் வியாழன். நான் வந்து இறங்கியதோ வெள்ளிக்கிழமை. ஆகவே இடைப்பட்ட நாட்களை ஆரா என்ற ஊரில் அவருடைய நண்பரின் வீட்டில் கழித்தேன்.

வியாழன் காலை அந்த நண்பர் எங்களைச் சூரிச் வரை கூட்டிவந்து ரயிலேற்றினார். "லாண்ட்குவார்ட்டில இறங்குங்கோ அக்கா. மேடையில அண்ணை நிப்பார். ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ" என்றார்.

லாண்ட்குவார்ட்டில் இறங்கினேன். மேடையில் அவர் இல்லை.

அரை மணி நேரம் நின்றேன். குளிர் என் சப்பாத்துக்குள்ளால் ஏறி முழங்காலைப் பிடித்தது. மகளை என் மேலங்கிக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டியிருந்தேன். அவளுடைய முகம் மட்டும் வெளியே தெரிந்தது. ரயில் ஊழியர் ஒருவர் வந்து என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். டாவோஸ் என்று இருந்ததைக் கண்டதும் முகம் மலர்ந்து, என் பையைத் தூக்கிக்கொண்டுபோய் பக்கத்தில் நின்ற சின்னச் சிவப்பு ரயிலில் வைத்துவிட்டார். நான் ஒருவருக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு ஜெர்மன் தெரியாது. கையைக் காலை ஆட்டிப் பார்த்தேன். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். பை ஏறிவிட்டது. பையின் பின்னால் நானும் ஏறினேன்.

மலையேறத் தொடங்கிய ரயில், ஓரிடத்தில் எதிரே வந்த ரயிலுக்கு வழிவிட்டு நின்றது. பிறகும் ஒரு கால்மணி நேரம் ஓடி ஒரு கிராமத்து ஸ்டேஷனில் மறுபடி நின்றது. இம்முறை கிளம்பவில்லை. ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னார்கள். எல்லோரும் எழுந்து இறங்கினார்கள். எனக்கு எதிரே இருந்த முதியவர் என் முழிப்பைப் பார்த்துவிட்டு, ஒரு கையைச் சரிவாகப் பிடித்து மறு கையை அதன் மேலிருந்து வேகமாக வழுக்கவிட்டார். பிறகு தண்டவாளத்தைக் காட்டி, உள்ளங்கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அமுக்கிக் காட்டினார். மலையிலிருந்து பனி சரிந்து பாதையை மூடிவிட்டது.

அந்தக் கை அமுக்கத்தைக் கண்டதும் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. என் கணவர் என்னைக் கூட்டிவர மேலே டாவோஸிலிருந்து வந்துகொண்டிருந்தவர். லாண்ட்குவார்ட்டுக்கு வந்து சேரவில்லை. அப்படியென்றால் எங்கே?

ஸ்டேஷன்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, தெருவின் மறுபக்கத்தில் இருந்த ஒரு கட்டடத்தைக் காட்டினார். அதன் வாசலில் வெள்ளை ஆட்டுக்குட்டி வரைந்த ஒரு பலகை தொங்கியது. கீழே இரண்டு வரி எழுத்து. சாப்பாடும் அறைகளும் உண்டு என்று இங்கிலிஷில் எழுதியிருந்தது. நான்கைந்து நாளாக எழுத்துக்கூட்டிப் பார்த்தும் விளங்காத பலகைகளுக்கு நடுவில் முதன்முதலாக ஒன்றை வாசித்து விளங்கிக்கொண்டேன்.

உள்ளே கூரை தாழ்ந்து, கறுத்த மர உத்தரங்கள் தலைக்கு மேலே ஓடின. பூப்போட்ட சிவப்புக் கம்பளம். கணப்பில் விறகு எரிந்தது. சுவரில் அம்பெறியும் வட்டப்பலகை. நாலு கிராமத்தவர்கள் பியர் குடித்தபடி சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரன் கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து, மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ, பிள்ளை ஐஸாகக் கிடக்கிறதே!" என்று இங்கிலிஷில் சொன்னாள்.

ஊரில் நான் சின்ன வகுப்புகளுக்கு இங்கிலிஷ் படிப்பித்தவள். ஆனால் வாழ்க்கையில் ஓர் இங்கிலிஷ்காரியோடு கதைத்ததில்லை. என் கணவர் அந்தப் பனிக்குள் அகப்பட்டிருக்கக்கூடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நிலையிலும் 'இருக்கக்கூடும்' என்பதற்கு எந்த வினையைப் போடுவது என்று மனம் ஒரு கணம் தடுமாறியது. பிறகு இலக்கணம் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பெயர், ஹோட்டலின் பெயர், வியாழக்கிழமை, பிள்ளையைக் காணாத அப்பா, எல்லாம்.

அவள் இடைமறிக்காமல் கேட்டாள். பிறகு என்னைக் கணப்புக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, "முதலில் தேநீர். பிறகு டெலிபோன்" என்றாள்.

தடித்த கோப்பையில், பால் விட்டு, சாயம் பிடித்த தேநீர் வந்தது. ஆராவில் நண்பர் வீட்டுக்கு வெளியே கிடைத்ததெல்லாம் எலுமிச்சை மிதக்கும் வெந்நீர்தான். மகளுக்குச் சூடான பாலில் பிஸ்கட்டைக் கரைத்துக் கொடுத்தாள். பிள்ளை வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். என் தேநீர் அப்படியே இருந்தது.

விடுதிக்காரியின் புருஷன் சுவிஸ்காரர், உயரமான, அதிகம் பேசாத மனிதர். இளவயதில் இங்கிலாந்தில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தபோது அவளைக் கட்டிக்கொண்டு வந்தவர். இது அவருடைய தகப்பனின் சத்திரமாம். அவளுக்கு இங்கே மனம் ஒட்டாமல் கிடந்தபோது, உன் ஊரில் இருப்பதுபோலவே மாற்றிக்கொள் என்று விட்டுவிட்டாராம். அதை அவள் பிறகுதான் சொன்னாள். அந்த நேரத்தில் அவர் எனக்காக முதலில் டாவோஸ் ஹோட்டலுக்கு டெலிபோன் எடுத்தார். என் கணவர் காலையிலேயே புறப்பட்டுவிட்டார் என்றார்கள். தன் விடுதியின் நம்பரை அவர்களிடம் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு ரயில்வேக்கு எடுத்தார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி எடுத்தார். சீட்டு விளையாடியவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது தரம் லைன் கிடைத்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ரிசீவரை வைத்துவிட்டு மனைவியிடம் ஏதோ சொன்னார். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பாதை மட்டும்தான் மூடியிருக்கிறது. எந்த ரயிலும் அகப்படவில்லை. கேட்கிறதா? ஒரு ரயிலும் இல்லை."

சீட்டு விளையாடியவர்களில் ஒருவர் மேசையில் தட்டினார்.

அதன்பிறகு முக்கால் மணி நேரம் கழித்து டெலிபோன் அடித்தது. விடுதிக்காரி எடுத்து, கேட்டு, என்னிடம் நீட்டினாள்.

"நீர் எங்க நிக்கிறீர்?"

அவருடைய குரல். இருபத்தியொரு மாதத்துக்குப் பிறகு.

"நீங்கள் எங்க நிக்கிறியள்?" என்றேன்.

"லாண்ட்குவார்ட்டில. ஒவ்வொரு மேடையா ஓடித் திரியிறன். விடியக் கோப்பை கழுவ ஆள் வரேல்லை எண்டு என்னை மறிச்சுப்போட்டாங்கள். அடுத்த ரயிலிலதான் வந்தனான். இப்ப ஹோட்டலுக்கு அடிக்க உந்த நம்பரைத் தந்தவை."

"நடுவில ஒரு ரயில் எங்களைத் தாண்டிப் போனது..."

"அதுக்குள்ளதான் நான் இருந்திருக்கிறன்."

நான் அழத் தொடங்கினேன்.

"அழாதையும். பிள்ளை சாப்பிட்டவளோ?"

"ஓம். பாலும் பிஸ்கட்டும்."

"அங்க வரைக்கும் ரயில் ஓடுது. நான் வாறன். அசையாமல் இரும்."

"நான் எங்க போறது?" என்றேன். அவர் சிரித்தார். சிரிப்பதைக் கேட்டதும் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.

அவர் வந்தபோது வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது. வாசலில் நின்று சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டினார். ஆள் மெலிந்து, மீசை எடுத்துவிட்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கம்பளத்தில் உட்கார்ந்து மரக்கரண்டியால் விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். தூக்கவில்லை. கையை நீட்டினால் பயந்துவிடுவாளோ என்று நினைத்திருக்க வேண்டும்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஊரில் வீட்டுக்கு வருகிற ஆண்களை எப்படிக் கூப்பிடவேண்டும் என்று பழக்கியிருந்தோமோ, அப்படியே "மாமா" என்றாள். கரண்டியையும் நீட்டினாள்.

"ஓம்" என்றார் அவர். கரண்டியை வாங்கிக்கொண்டார். "இப்போதைக்கு மாமா எண்டே இருக்கட்டும்."

வழியில் நின்றுபோனவர்களுக்கு ரயில்வே அறை ஏற்பாடு செய்திருந்தது. அன்றிரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள். என்ன சாப்பிடுவீர்கள் என்று விடுதிக்காரி கேட்டாள். மாட்டிறைச்சி வேண்டாம் என்றேன். அவள் ஆட்டிறைச்சியைக் கொத்தி வதக்கி, மேலே மசித்த உருளைக்கிழங்கு பரப்பி, முறுகச் சுட்ட ஒன்றைக் கொண்டுவந்தாள். பக்கத்தில் பச்சைப் பட்டாணி. உறைப்பு மருந்துக்கும் இல்லை. ஆனாலும் இரண்டுபேரும் வழித்துச் சாப்பிட்டோம். மகள் உருளைக்கிழங்கைக் கையால் அள்ளி முகமெல்லாம் பூசிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் என் கணவர் எழுந்தார். பழக்க தோஷம். மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கரண்டிகளை மேலே வைத்து, ஒரே கையில் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறையை நோக்கி நடந்தார். விடுதிக்காரி கதவை மறித்தாள்.

"எங்கே போகிறீர்கள்?"

"கழுவ" என்றார் அவர், தனக்குத் தெரிந்த இங்கிலிஷில்.

"இந்த வீட்டில் நீங்கள் விருந்தாளி. போய் உட்காருங்கள்."

அவர் கோப்பைகளோடு நின்றார். நாலு சீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. கோப்பைகளை அவளிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். இந்த நாட்டுக்கு வந்தபிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

மாடியில் எங்கள் அறையின் சுவர் முழுக்க ரோசாப்பூக் காகிதம். கழுவுதொட்டியில் சுடுநீருக்கு ஒரு குழாய், குளிர்நீருக்கு வேறு குழாய். கட்டிலில் கம்பளிகள் மூன்று, அவற்றுக்கு நடுவில் சுடுநீர் நிரப்பிய ரப்பர் பை. மகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடனே தூங்கிவிட்டாள். நாங்கள் அவளுக்கு இரண்டு பக்கமும் படுத்தோம். கதைக்க எவ்வளவோ இருந்தது. அவர் ஒரு கதையைத் தொடங்கி, பாதி வாக்கியத்தில் உறங்கிப்போனார்.

மறுநாள் வெள்ளி. காலைச் சாப்பாட்டுக்குப் பன்றி இறைச்சியும் முட்டையும் பொரித்துவைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை நாங்கள் மச்ச மாமிசம் சாப்பிடுவதில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தக்காளியும் காளானும் வதக்கி, வாட்டிய பாண் துண்டுகளில் வெண்ணெய் தடவி, அவரைக்கொட்டையைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். தேநீர் பெரிய கேத்தல் நிறைய வந்தது.

என் கணவர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு மணிக்கு வேலைக்கு நின்றிருக்க வேண்டியவர். எட்டரை ஆகிவிட்டது. "துலைஞ்சுது. சமையல் பெரியவன் என்னை விடமாட்டான்" என்றார். நான் அதை விடுதிக்காரியிடம் சொன்னேன். அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் எழுந்துபோய் டாவோஸுக்கு டெலிபோன் எடுத்து, நிதானமாக, தன் மலைநாட்டு ஜெர்மனில் நாலு வாக்கியம் பேசினார். திரும்பிவந்து எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பாதை மூடியிருக்கும்போது மனிதன் பறந்தா வருவான் என்று கேட்டிருக்கிறார்" என்று மனைவி மொழிபெயர்த்தாள். "நாளைக்கு வந்தால் போதுமாம்."

என் கணவர் நாற்காலியில் சாய்ந்தார். தோள்கள் இறங்குவதைக் கண்ணால் கண்டேன். இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றி, இரண்டு கரண்டி சீனி போட்டு, மெல்லமெல்லக் கலக்கினார்.

மதியத்துக்கு மேல் பாதை திறந்தது. விடுதிக்காரி ஸ்டேஷன் வரை வந்து எங்களை ரயிலேற்றிவிட்டாள். ஒரு கால்மணி ஓடியதும் ரயில் வேகம் குறைந்து, ஆள் உயரத்துக்கு மேலாக வெட்டிய இரண்டு பனிச் சுவர்களுக்கு நடுவே ஊர்ந்தது. சுவரில் முறிந்த மரக்கிளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பனி அள்ளும் சவள்களோடு ஒதுங்கி நின்ற வேலையாட்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள்.

"நான் நேற்று இதால வரேக்க இது வெறும் காடு" என்றார் அவர்.

மகள் கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்து, வேலையாட்கள் ஒவ்வொருவரையும் "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அவர் அவளை விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து கை காட்டினார்.