மோட்டாரைச் சுற்றிய இன்ஸ்பெக்டரம்மா

விஷமே இல்லாத ஒரு பாம்பைக் கண்டு, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு பெண் ஏன் நாற்காலி மேல் ஏறி நிற்க வேண்டும்? எங்கள் தெருவில் பலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. லிந்தால்வாவின் கதையை முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் கொஞ்சம் புரிந்தது.

பெலேம் நகரத்தில், குவாமா ஆற்றை ஒட்டிய பேட்டையில் லிந்தால்வா அசாயிக் கடை வைத்திருக்கிறாள். விடியும் முன்பே தீவுகளிலிருந்து படகில் பழக்கூடைகள் வந்து இறங்கும். நாவல்பழ நிறத்தில், கோலிக்குண்டு அளவில், பனை மாதிரியான ஒல்லி மரத்தில் காய்க்கிற பழம்தான் அசாயி. அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெஷினில் போட்டு அடித்தால் கெட்டியான கருஞ்சாறு இறங்கும். சாறு தயாரானதும் கடை வாசலில் சிவப்புக் கொடி ஏறும். கொடியைப் பார்த்துத்தான் தெருவே மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும். வறுத்த மீன் ஆறினாலும் ஆறட்டும், மரவள்ளி மாவு தட்டில் காத்திருந்தாலும் இருக்கட்டும், அசாயி வராமல் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

லிந்தால்வா பிறந்தது எதிர்க்கரைத் தீவில். அவள் அப்பா மரமேறி. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்பா வெட்டி இறக்கிய ஒரு குலையைத் தூக்கப் போனாள். குலைக்குள் ஒரு மலைப்பாம்பு இருந்தது. அவள் முகத்துக்கு நேராக 'உஸ்' என்று ஒரு நீண்ட மூச்சு விட்டுவிட்டு, தன் வழியே போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் மலைப்பாம்பின் மூச்சு பட்டால் தோலில் திட்டுத்திட்டாக நிறம் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் அம்மா தினமும் காலையில் அவளை வெளிச்சத்தில் நிறுத்தி, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். திட்டு வரவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. அப்போதும் வரவில்லை.

"வெளிய வரலன்னா உள்ள போயிருக்கும்," என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

பாம்பு அவளை ஒன்றும் செய்யவில்லை. திட்டு வருமா வருமா என்று காத்திருந்ததுதான் செய்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பாம்பு என்ற சொல்லே ஆகாது. கடை போட்ட பிறகும் கூடைகளைக் கையால் கவிழ்க்கமாட்டாள். எட்ட நின்று நீளக் கம்பால் தள்ளிவிடுவாள். கூடை சுமந்து வருகிறவர்கள், "அக்கா, கம்ப இன்னும் நீட்டமா வாங்குங்க, அக்கரையில நின்னே தள்ளலாம்," என்பார்கள். அவள் பாட்டுக்குத் தள்ளுவாள்.

படகுத்துறையில் அப்தியாஸ் என்பவருக்கு மரவள்ளி மாவுக் கிடங்கு இருக்கிறது. மாவு இருக்கிற இடத்தில் எலி இருக்கும். அதனால் அவர் ஒரு மலைப்பாம்பை வளர்த்தார். பூனை வைத்துப் பார்த்தாராம், பூனை மாவு மூட்டை மேல் தூங்கியதோடு சரி. பாம்பு அப்படியில்லை. இரவில் ரோந்து, பகலில் ஓய்வு. பெயர் இன்ஸ்பெக்டரம்மா. ஒருமுறை கிடங்குக் கதவில் சிக்கி வால் நுனி போய்விட்டது. மற்றபடி குறையில்லை.

போன மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கிடங்கு வரை ஏறியது. அது வடிந்தபோது இன்ஸ்பெக்டரம்மாவைக் காணவில்லை. அப்தியாஸ் வீடு வீடாகப் போனார். லிந்தால்வா கடைக்கும் வந்தார்.

"தங்கச்சி, எங்க இன்ஸ்பெக்டரம்மா இந்தப் பக்கம் வந்தாங்களா?"

"வந்திருந்தா நான் இங்க நிப்பேனாண்ணே?"

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் கண் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தது. லிந்தால்வாவும் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சொன்னாள்.

அந்த வாரமே ஒருநாள், பழத்தை ஊறவைத்துவிட்டு மெஷினுக்கு எண்ணெய் விடக் குனிந்தாள். மெஷினுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் மோட்டார். பெட்டியைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்திருந்தது. ஒரு கை நுழைகிற ஓட்டை மட்டும் முன்பக்கம் உண்டு. எண்ணெய் விடப்போன ஓட்டையில் ஒரு வால் இருந்தது.

அப்போதுதான் நாற்காலி மேல் ஏறினாள். அங்கிருந்து சுவிட்ச் கைக்கெட்டும் தூரம். தட்டினால் மோட்டார் சுற்றும், பாம்பு முடிந்தது. விரலைச் சுவிட்ச் மேல் வைத்தும்விட்டாள். வாலை இன்னொரு தடவை பார்த்தாள். நுனி இல்லை. மொட்டையாக இருந்தது. அவள் விரலை எடுத்துவிட்டாள்.

பக்கத்தில் மீன் வறுத்து விற்கும் நெவுசா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, கொடியேத்த நாற்காலி மேலயே ஏறிட்டியா?"

"அப்தியாஸ் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பு. அவங்க இன்ஸ்பெக்டர் என் மோட்டார்ல இருக்கு."

சொல்லி அனுப்பினாள். ஆனால் அப்தியாஸுக்கு முன்னால் தெரு வந்துவிட்டது. பாத்திரத்தோடு வந்தவர்கள் பாத்திரத்தோடு நின்றார்கள். மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றிப் பிழைக்கும் ஜுராந்திர் வெட்டுக்கத்தியோடு வந்தான். மலைப்பாம்பின் தலையைக் காயவைத்துப் பையில் வைத்துக்கொண்டால் வாடிக்கை தானாக ஒட்டிக்கொள்ளும் என்று இங்கே பலருக்கு நினைப்பு.

"தலை எனக்கு. முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் சண்ட வேணாம்," என்றான்.

"எனக்கு ஒரு துண்டு தோல் போதும்," என்றாள் நெவுசா. "எம் புருஷன் தலகாணிக்கு அடியில வைக்கணும்."

"உம் புருஷன் உங்கூடத்தானே இருக்கான்?" என்றான் ஜுராந்திர்.

"இருக்கான். ஒட்டலயே."

அப்தியாஸ் ஓடி வந்து ஓட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தார். மூட்டை தூக்கிப் பழகிய கை, முழங்கைக்கு முன்பே நின்றுவிட்டது. பெட்டியை உடைக்கலாமென்றால், தட்டுகிற தட்டில் பாம்பு இன்னும் இறுக்கும். தீயணைப்புக்காரரைக் கூப்பிடலாமென்று யாரோ சொன்னதும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் பிடித்தால் காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். இன்ஸ்பெக்டரம்மா குட்டியிலிருந்து மாவுக் கிடங்கைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

"மழையே அதுக்குப் பிடிக்காதும்மா," என்றார்.

வெயில் உச்சிக்கு வந்தது. பின்னால் நின்ற யாரோ, "மீன் ஆறிப்போச்சு," என்றார்கள். அதைக் கேட்டதும் ஜுராந்திர் சுவிட்சுப் பக்கம் நகர்ந்தான்.

"ஒரே ஒரு தட்டு தட்டினா எல்லாருக்கும் சாப்பாடு. எனக்குத் தலை."

லிந்தால்வா நாற்காலியிலிருந்து இறங்கினாள். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பாவாடை முடிச்சில் செருகிக்கொண்டாள். மெஷின் வயர் அவள் இடுப்பிலிருந்து பெட்டி வரை தொங்கியது. இனி அவள் எங்கேயும் போக முடியாது. பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டாள்.

"அண்ணே, எங்கருந்து பிரிக்கணும்?"

"வால்லருந்து தங்கச்சி. தலைய இழுத்தா இறுக்கும். வால்லருந்து ஒவ்வொரு சுத்தா."

அவள் ஒல்லிக் கை தோள்வரை உள்ளே போனது. பாம்பு சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். அடைத்த பெட்டிக்குள் இருந்த உச்சி வெயிலின் வெக்கை அதன் மேல் இருந்தது. காய்ந்து, வழவழவென்று, புதுத் தோல்பை மாதிரி. முதல் சுற்றைப் பிரித்தாள். அப்போது உள்ளேயிருந்து 'உஸ்' என்று நீண்ட மூச்சு அவள் கைமேல் பட்டது.

லிந்தால்வா கையை வெளியே எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப தெரியாதுடி," என்றாள் நெவுசா. "நாளைக்குத்தான் தெரியும்."

"நாப்பது வருஷமா நாளைக்குத்தான் தெரியும்னு இருக்கேன்," என்றாள் லிந்தால்வா. "நாளைக்குப் பாத்துக்கலாம்." மறுபடி கையை உள்ளே விட்டாள்.

இரண்டாவது சுற்று வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மோட்டாரை விட்ட பாம்பு, பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால், அவள் கையை இழுக்க இழுக்க ஓட்டை வழியே கூடவே வெளியே வந்து அதையே சுற்றிக்கொண்டது. கை முழுதாக வெளியே வந்தபோது மணிக்கட்டிலிருந்து தோள்வரை பாம்புதான் தெரிந்தது. தெரு மொத்தமும் ஒரு வீடு தள்ளிப் பின்னால் போனது. ஜுராந்திர் இரண்டு வீடு தள்ளிப் போனான். கத்தியைக் கடையிலேயே விட்டிருந்தான்.

"குடு தங்கச்சி," என்று அப்தியாஸ் கை நீட்டினார்.

"குடுக்கலாம். அது விடணுமே."

விடவில்லை. எனவே நெவுசா எட்ட நின்று கம்பால் பிளக்கைப் பாவாடையிலிருந்து தள்ளிவிட, லிந்தால்வா படகுத்துறை வரை அப்படியே நடந்தாள். வழியில் பாம்பின் தலை அவள் கழுத்தோரம் வந்து தங்கியது. அவள் நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அப்தியாஸ் பின்னால் அழுதுகொண்டே வந்தார். கிடங்கில் மாவு வாசனை வந்ததும் இன்ஸ்பெக்டரம்மா பிடியைத் தளர்த்தி, மூட்டைகளுக்கு நடுவே இறங்கிப் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

லிந்தால்வா திரும்பி வந்து, தோள்வரை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மெஷினைப் போட்டாள். வெயில் சாயும்போது கொடி ஏறியது. ஒருவரும் வேறு கடைக்குப் போயிருக்கவில்லை. ஜுராந்திர் மட்டும் பாத்திரத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினான். அவள் அதில் சாறும் ஊற்றி, கத்தியையும் கொடுத்தனுப்பினாள்.

இப்போதும் கம்பு கடையில்தான் இருக்கிறது. வேறு பாம்பென்றால் அவள் இன்னும் நாற்காலிதான் ஏறுவாள் என்று சொல்கிறாள். ஆனால் கிடங்குப் பக்கம் போனால் உள்ளே ஒரு நடை போய், மூட்டைகளைப் பார்த்து, "இருக்கியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறாள்.

இந்தக் கதையைப் படித்தவர்கள், மோட்டார் வைத்துத் தொழில் செய்கிற யாரிடமாவது இதைச் சொல்லுங்கள். அசாயிக் கடைக்காரரோ, மாவு மில்காரரோ, யாராக இருந்தாலும் சரி. தண்ணீர் ஏறி வடிந்த நாட்களில், சுவிட்சைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து அடியில் பார்க்கச் சொல்லுங்கள். யாரோ ஒருவர் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்கலாம்.