சக்கரத்துக்குள் நடந்த மூன்றாவது ஆள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மாதாவை நம்புவேன், மற்றதெல்லாம் கட்டுக்கதை என்பேன். ஆகவே நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எண்பதுகளின் கடைசியில் வெள்ளானூர் பக்கம் எங்கள் சின்ன மாதா கோவிலுக்குப் புது மணி வந்தது. கப்பலில் வேலை பார்த்த என் மைத்துனர் தாஸ், எங்கோ ஒரு வெளிநாட்டு ஆற்றுத் துறைமுகத்தில் அந்தக் காலத்துப் பாரம்தூக்கி ஒன்றைப் பார்த்திருந்தார். பெரிய மரச்சக்கரம், அதற்குள் ஆட்கள் நடப்பார்களாம், வடம் சுற்றிக்கொண்டு மூட்டை மேலே போகுமாம். நான் தச்சன், விடுவேனா? அதே மாதிரி ஒன்றைச் செய்து கோபுரத்தடியில் நிறுத்தினேன்.

கொடியேற்றத்தன்று மதியம், மணியை வடத்தில் கட்டி, சாமியார் மந்திரித்து மாலை போட்ட மணி என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு நானும் தாஸும் சக்கரத்துக்குள் நடந்தோம். மணி பாதி உயரம் போனபோது தாஸுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, உட்கார்ந்தே விட்டார். சக்கரம் பின்னால் உருள ஆரம்பித்தது. மணிக்கு நேர் கீழே என் தம்பி, மந்திரித்த பூ மிதிபடக் கூடாதென்று குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறான்.

"டேய், நவுருடா!" என்று கத்தினேன். ஒலிபெருக்கிப் பாட்டுச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. "மாதாவே!" என்றேன்.

எனக்கு முன்னால், ஆளே இல்லாத பலகையில், தொப் தொப்பென்று வெறுங்கால் சத்தம். சக்கரம் நின்றது. பிறகு மணி மேலே ஏறியது, நம்புங்கள், நான் சும்மா கூடவே நடந்தேன், பாரமே தெரியவில்லை.

மணியை மாட்டியதும் பக்கத்து வீட்டு மேரி டீயோடு வந்தது.

"இன்னாண்ணே, சக்கரத்துல ரெண்டு பேருதான் கீறீங்க? மூணு டீ எடுத்தாந்தேன். முன்னால வாட்டசாட்டமா ஒருத்தர் நடந்துகினு இருந்தாரே?"

"வெயில்ல ஒனக்குக் கண்ணு மங்கிடுச்சி" என்றார் தாஸ்.

"என் கண்ணுக்கு இன்னா கொறச்சல்? நீ ஒக்காந்துகினு சவாரி போனதக்கூடப் பாத்தேன்ணே!"

எல்லோரும் சிரித்தோம். வந்தால் குடிக்கட்டும் என்று மேரி மூன்றாவது டம்ளரைச் சக்கரத்துக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தது. முதல் மணி அடித்ததைக் கேட்டுவிட்டுத் திரும்பினால், டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஈரம்கூடக் காயவில்லை.

வந்தவர் யாரென்று நான் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. கூப்பிட்டேன், மாதா அனுப்பினாள், அவ்வளவுதான். ஆனால் அன்று காலையிலிருந்தே கோவில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, டீயும் மேரி வீட்டிலிருந்துதான் வந்தது. அந்த டம்ளரை அவர் எந்தத் தண்ணீரில் கழுவினார் என்பது மட்டும் இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.