கோபுரம் தெரிந்தால் இறங்கவும்

1. முதல் நாள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் கைடுகள் எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "மேடம், நீங்க எத்தனை தடவை விழுந்திருக்கீங்க?" இரண்டு தடவை. முதல் தடவை, வேலைக்குச் சேர்ந்த அன்றே. இரண்டாவது தடவையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம், அதனால் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு முன்னால் அம்பத்தூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபது வருஷம் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். இருபது வருஷமும் காரின் இடது பக்க சீட். அங்கே எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். படிக்க வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார், நான் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருப்பேன். எங்கள் முதலாளி ஸ்கூலை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போனபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த வயதில் யார் வேலை தருவார்கள் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பிரதாப் சார் தந்தார். ஆவடிக்காரர், என்னைவிட இருபது வயது சின்னவர். வெளிநாட்டில் ஏதோ ஒரு பழைய ஊரை பேலன்ஸ் வண்டியில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, நம்ம பூந்தமல்லி அதற்கு என்ன குறைச்சல் என்று பத்து வண்டிகளை இறக்கிவிட்டார். குமணன்சாவடியில் ஒரு ஷெட்தான் ஆபீஸ்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சக்கரம் உண்டு. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக இல்லை, பக்கத்துப் பக்கத்தில். நடுவே நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு ஹேண்டில். ஆக்சிலரேட்டர் கிடையாது, பிரேக் கிடையாது. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். பலகைக்குள் இருக்கும் சென்சார் நம் உடம்பு சாய்வதைப் பார்த்துத் தானே பேலன்ஸ் செய்துகொள்ளும்.

முதல் நாள் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கோடவுனுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ஏறினேன். ஏறி நின்றேன். லேசாகச் சாய்ந்தேன், போனது! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மைதானத்தின் கடைசியில் நிறுத்தப் பார்த்தேன். ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய கால் அது. நிறுத்த வேண்டும் என்றால் தரையில் ஊன்றும். இடது காலை ஊன்றினேன், வண்டி ஒரு சுற்று சுற்றி என்னை மண்ணில் உட்கார வைத்தது.

பிரதாப் சார் ஓடி வந்தார். "மேடம், ஓகேவா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். வண்டிக்கு ஓகேவான்னு பாருங்க."

அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. 'பின்னால் சாய்' என்றால் உடம்புக்குப் புரியவில்லை. 'பின்னாடி நாற்காலி இருக்கு, உட்கார்' என்றால் புரிகிறது. இன்றுவரை நான் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

2. ஒரே ஒரு சான்ஸ்

இரண்டு மாதம் மைதானத்தில்தான் பயிற்சி நடந்தது. ஊருக்குள் ஓட்ட அனுமதி வேண்டும். அனுமதி தரும் அதிகாரி ஒருவர், ட்ரையல் ரன்னை நேரில் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்றார். பிரதாப் சார் என்னை ஷெட்டுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே நல்ல செய்தி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"மேடம், ஓப்பனா சொல்லிடறேன். இந்த ட்ரையல் ஊத்திக்கிச்சுன்னா பத்து வண்டியையும் ஈ.சி.ஆர். ரிசார்ட் ஒண்ணு எடுத்துக்கறேன்னு சொல்லுது. அவங்களுக்கு கைடு ஏற்கெனவே இருக்காங்க."

"அப்ப நான்?"

"ஷெட்டையும் மூடிடுவேன் மேடம்" என்று பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

எனக்குப் பயம் வந்தது. வேலை போய்விடும் என்பது மட்டும் இல்லை. இருபது வருஷம் அடுத்தவர் ஓட்ட நான் பிரேக் மிதித்தேன். இப்போதுதான் முதல்முறையாக நான் முன்னால் போக, மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள். இதை ருசித்துவிட்டு மறுபடியும் வீட்டுக்குப் போய் டி.வி. பார்ப்பதா?

ரூட்டை நான் மட்டும் விடியற்காலையில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். எந்த இடத்தில் குழி, எந்த இடத்தில் மாடு படுத்திருக்கும் என்றெல்லாம் குறித்துக்கொண்டேன். பிரதாப் சார் 'செய்யக்கூடாதவை' என்று பன்னிரண்டு விதிகளை அட்டையில் அச்சடித்து லேமினேட் செய்தார். செல்ஃபி கூடாது, இயர்போன் கூடாது, ரேஸ் கூடாது. எல்லாம் சரியாக இருந்தது. நாங்கள் பயிற்சி கொடுத்த மைதானத்தில் கோயில் இல்லை என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

3. நான் கை காட்டினேன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. குட்டி யானை வேனில் வண்டிகள் வந்து இறங்கின. என் பின்னால் ஐந்து பேர். முதலில் அதிகாரி. "ஓரமா நின்னு பாக்கறதுக்கு நான் எதுக்கு வரணும்? நானும் ஏறறேன்" என்று முந்தின நாளே மைதானத்துக்கு வந்து பழகிக்கொண்டவர். அடுத்து, எங்கள் மைதானத்தில் பழகிய மூன்று பேர். வெள்ளானூர் அபார்ட்மெண்டிலிருந்து வந்த ஐ.டி. தம்பதி. பூந்தமல்லியிலேயே ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சலீம் பாய். கடைசியாகப் பிரதாப் சார். எல்லா வண்டியையும் ஆமை மோடில் போட்டிருந்தேன். வேகமாக நடக்கிறவரை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் வேகம்.

புறப்பட்டோம். அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. கடைகள் திறக்கவில்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் மாவுக்கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தார்கள். டீக்கடையில் ஒருவர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நின்றார். அதிகாரி, "அம்மா, இது மிதக்குதும்மா!" என்றார். ஐ.டி. பெண், "அத்தான், முதுகை நிமித்துங்க, விழுந்துராதீங்க" என்று கணவரை மிரட்டிக்கொண்டே வந்தாள். திருநெல்வேலிப் பெண்.

நான் முன்னால் போய்க்கொண்டே குரல் கொடுத்தேன். "இந்த ஊருக்குப் பழைய பேரு பூவிருந்தவல்லி. பேர்லயே பூ இருக்கு. இப்ப இந்த முனையில திரும்பினா பழைய பெருமாள் கோயில் தெரியும். அதோ பாருங்க, கோபுரம்!"

கையை நீட்டிக் காட்டினேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

கோபுரத்தைப் பார்த்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? பஸ்ஸில் போனாலும் ஆட்டோவில் போனாலும் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். ஹேண்டிலை விட்டுக் கைகூப்பி, கண்ணை மூடி, பக்தியோடு குனிந்தார்கள். குனிந்தால் என்ன அர்த்தம்? வண்டிக்குத் தெரிந்த ஒரே அர்த்தம், 'போ.'

நான்கு வண்டிகளும் பாய்ந்தன. ஐ.டி. கணவர் என்னைத் தாண்டிப் போனார். அவர் மனைவி பயத்தில் அளவுக்கு மீறிப் பின்னால் சாய்ந்து, ரிவர்ஸில் வந்த வழியே போய்க்கொண்டிருந்தாள். பன்னிரண்டு விதிகளை அச்சடித்த பிரதாப் சார், நின்றுகொண்டிருந்த ஆட்டோவைக் கட்டிப்பிடித்தார். என் வலது கால் பலகையை ஓங்கி மிதித்தது. இல்லாத பிரேக்கைத்தான்.

கும்பிடாமல் இருந்த சலீம் பாய் மட்டும் நிதானமாக இருந்தார். அவர்தான் கத்தினார். "நாற்காலி! நாற்காலியில உக்காருங்க!"

ஆட்கள் உட்கார்ந்தார்கள், வண்டிகள் நின்றன. ஒன்றைத் தவிர. அதிகாரி கண்ணைத் திறக்கவே இல்லை. நேராகப் போய்ப் பூக்கடையில் இடித்து, கூடையோடு மல்லிகைக் குவியலில் விழுந்தார்.

4. செருப்பு விடும் இடம்

பூக்கடைக்காரம்மா எழுந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். குரல் மட்டும் கோயில் மணி.

"இன்னா சார் இது! சாமிய கும்புட்றேன்னு எங்கூடையில வந்து வுயுறியே!"

அதிகாரி மெல்ல எழுந்தார். அடி எதுவும் இல்லை, முழங்காலில் மண் மட்டும். ஹெல்மெட்டில் கனகாம்பரம் தொங்கியது. யாரும் சிரிக்கவில்லை. பிரதாப் சார் முகம் வெளுத்துப்போயிருந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "யக்கா, இந்த வண்டிக்கு பிரேக்கே கெடையாதா?"

"இல்லம்மா."

"அப்ப கோயிலாண்ட இன்னாத்துக்கு எட்தாந்தே? தோ பாரு." கடைக்கு அடியில் வரிசையாக இருந்த செருப்புகளைக் காட்டினார். "இந்த தெருவுக்கு வர்றவன் பைக்கோ காரோ, எங்கடையாண்ட எறங்கி, செருப்ப கயட்டி வுட்டுட்டு, அப்பால தான் சாமி பாப்பான். நீ மட்டும் ஏறி நின்னுகினே கும்புட சொல்றே?"

எனக்குப் பளிச்சென்றது. நான் மூன்று தடவை இந்தத் தெருவில் ஓட்டியபோது கும்பிடவில்லை. ஓட்டும்போது கும்பிடும் பழக்கமே எனக்கு இல்லை. இருபது வருஷ இன்ஸ்ட்ரக்டர் புத்தி. என்னைப் போலவே எல்லோரும் என்று நினைத்துவிட்டேன்.

அதிகாரி என்னிடம் வந்தார். கோபமாக இல்லை, குழப்பமாக இருந்தார். "அம்மா, நான் ரிப்போர்ட் எழுதணும். விழுந்ததை எழுதாம இருக்க முடியாது. ஆனா சாமி கும்பிட்டேன், அதனால விழுந்தேன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்?"

"சார், கைடு ஓடற வண்டியில கோபுரத்தைக் காட்டினா, அதனால விழுந்தேன்னு எழுதுங்க. அதுதான் உண்மை. தப்பு என்னோடது" என்றேன். "ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை வாங்க சார். இதே முனை, இதே கோயில். இந்தத் தடவை யாராவது விழுந்தா, நானே வண்டியெல்லாம் ஏத்தி அனுப்பிடறேன்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கனகாம்பரத்தை எடுத்தார். பிறகு ஹெல்மெட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

கலைந்த பூவை எல்லாம் பிரதாப் சாரே வாங்கிக்கொண்டார். பூக்கடைக்காரம்மா, சொல்லாமலே, எல்லா ஹேண்டிலிலும் ஒரு முழம் கட்டிவிட்டார். ஆயுத பூஜை மாதிரி ஆறு வண்டிகளும் தெருமுனைக்குத் திரும்பின.

இந்தத் தடவை கோபுரம் கண்ணில் படுவதற்கு முன்பே கையை உயர்த்தினேன். "நாற்காலி! எல்லாரும் இறங்குங்க. வண்டியை ஆஃப் பண்ணித் தள்ளிக்கிட்டு வாங்க." பூக்கடையில் வண்டியை விட்டோம், செருப்பை விட்டோம். அவரவர் ஆசை தீரக் கும்பிட்டார்கள். அதிகாரி கொஞ்சம் அதிக நேரம் கும்பிட்டார். பிறகு ஏறினோம். பழைய பள்ளிவாசல் பக்கம் வந்ததும் சலீம் பாய் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அம்மா, இங்கயும் நாற்காலி போடுங்க. நான் சலாம் சொல்லிக்கிறேன்." அங்கேயும் இறங்கினோம். அந்தப் பள்ளிவாசலைப் பற்றி நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் அவரே, என்னைவிட அழகாகச் சொன்னார். இறங்கி நின்றதால்தான் கேட்க முடிந்தது.

கடைசி நிறுத்தம், வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்று. ஆறு பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தோம். ஆறு வண்டிகளும் ஒரே கோட்டில் நின்றன. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தியும் விட்டேன்.

அதிகாரி இறங்கவில்லை. "அவ்வளவுதானா? இன்னொரு ரவுண்டு கிடையாதா?" என்றார்.

5. இரண்டாவது தடவை

அடுத்த வாரம் அனுமதி வந்தது. பிரதாப் சார் போனில் சொன்னபோது நான் கேஸ் அடுப்பை அணைக்காமலே ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்து திரும்பி ஓடினேன். அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வழிபாட்டுத் தலங்கள் கண்ணில் படும் இடங்களில் வண்டியை நிறுத்தி, இறங்கிய பிறகே மேலே செல்ல வேண்டும். தான் விழுந்ததையும் அதிகாரி எழுதியிருந்தார், ஏன் என்பதையும் எழுதியிருந்தார். எங்கள் அட்டையில் இன்று பதின்மூன்றாவது விதி அது.

கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு உடனே வண்டியில் ஏறினேன். பூக்கடைக்காரம்மாவுக்குக் காட்ட வேண்டும். முனையில் திரும்பினேன். கோபுரம் தெரிந்தது. வேலை தப்பித்தது, வண்டிகள் தப்பித்தன, இனி ஒவ்வொரு ஞாயிறும் நான் முன்னால் போகலாம். மனசு நிறைந்து போய், என்னை அறியாமல் கண்ணை மூடி, கைகூப்பிக் குனிந்தேன்.

எங்கே விழுந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மல்லிகைக்கு நடுவே உட்கார்ந்திருந்த என்னை அந்தம்மா மேலும் கீழும் பார்த்தார். "கைல இன்னா பேப்பரு?"

"பர்மிஷன் வந்துடுச்சும்மா."

"அதுல இன்னா போட்டுகீது?"

"கோயில் தெரிஞ்சா எறங்கணும்னு."

"நீ அத்த படிக்கலியா?"

புதிதாக வரும் கைடுகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வண்டியைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். ஏறி நிற்கும் மனிதரின் உடம்பு எதைப் பார்த்தால் தானாகக் குனியும் என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் உங்கள் உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் ஞாயிறு காலையில் எங்கள் குழு அந்த முனையில் திரும்பினால், பூக்கடைக்காரம்மா முதல் வேலையாகக் கூடையைத் தூக்கிப் பின்னால் வைத்துவிடுவார். டூரிஸ்டுகள், அவர் தங்களைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவர் கூடையைத் தூக்கும்போது பார்ப்பது என்னைத்தான்.