ஒற்றைக்கால் கொக்கும் மூணுதரமும்

ஏலக்கூடத்தில் பழைய மேஜை நாற்காலிகளை ஏலம் விட்டே தலை நரைத்தவர் அவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மூணுதரம் என்றால் அவர் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். கூடத்தில் எவராவது கையை அரைவாசி தூக்கினால் போதும், சுத்தியலை நிறுத்திவிடுவார். ஒரு முறை திக்குவாய்க்காரர் ஒருவர் பீரோவுக்கு விலை கேட்க வாயைத் திறந்து, சொல் வராமல் தவித்தார். முதலாளி முறைத்தார். மூணுதரம் அசையவில்லை.

"வார்த்தை வந்துட்டே இருக்கு முதலாளி. வரட்டும்."

அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பேத்தி பிறந்தாள். உப்பிய கன்னம், கொட்டாவி விட்டால் வாய் மட்டும்தான் தெரியும், அத்தனை சின்ன முகம். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருமுன் ஒரு மரத்தொட்டில் வாங்கிவிடத் துடித்தார். போனில் நடக்கும் ஏலத்தில் ஒன்று கண்ணில் பட்டது. தலைமாட்டில் ஒரு கிளி செதுக்கியிருந்தது. அதற்கு மூக்கு மட்டும் உடைந்திருந்தது.

காலையிலிருந்து யார் விலை ஏற்றினாலும் இவரும் விடாமல் ஏற்றினார். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். முடியும் நேரம் வந்ததும், பழக்கதோஷம், பொத்தான் மேல் இருந்த விரலை எடுத்துக் காற்றில் ஆட்டி, போனைப் பார்த்துக் கூவினார்:

"ஒரு தரம்!"

ரெண்டு தரம் சொல்ல வாயெடுப்பதற்குள் 'ஒற்றைக்கால் கொக்கு' என்ற பெயரில் எவனோ கொத்திக்கொண்டு போய்விட்டான். ஏலம் முடிந்தது என்றது போன்.

"போனை முறைச்சா அது பயந்துடுமா? வைங்க கீழே" என்றாள் மனைவி.

"நாள் முழுக்க வாயைத் திறக்காம பதுங்கியிருந்துட்டு, அடுத்தவன் மூச்சு விடறதுக்குள்ள தட்டிட்டுப் போறது ஏலமா? திருட்டுடி அது! அந்தக் கொக்கு மட்டும் கையில கிடைக்கட்டும், இறகு ஒண்ணு மிஞ்சாது."

நாலு நாள் கழித்து, பேத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், இருவரும் மகள் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தின் நடுவில் தொட்டில். மூக்குடைந்த கிளி இவரையே பார்த்தது. பக்கத்தில் சம்பந்தி, கடிகாரம் பழுதுபார்ப்பவர், துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி! நம்ம பேத்திக்கு எப்படி? போன்ல பிடிச்சது. எவனோ ஒரு மண்டு காலையிலேர்ந்து விலையை ஏத்திக்கிட்டே இருந்தான். கடைசி நொடியில நான் அமுக்கினேன் பாருங்க, அவன் வாயில ஈ போயிருக்கும்!"

மூணுதரத்தின் வாய் தானாக மூடிக்கொண்டது.

"அது நியாயமா சம்பந்தி?"

"இதில என்ன அநியாயம்? நேரம் போட்டிருக்கான், நேரத்துக்குள்ள கேட்டேன். சாமர்த்தியம் இல்லாதவன் சந்தைக்கு வரக்கூடாது."

"சரிதான், சரிதான்" என்று சிரித்தார் மூணுதரம்.

குழந்தை எழுந்து பால் குடித்ததும் தொட்டிலில் முதன்முதலாகக் கிடத்தப்போவது யார் என்று பேச்சு வந்தது. "நான்தான்!" என்றார் சம்பந்தி. கையைக் கழுவிக்கொண்டு வந்து, அறை வாசலிலேயே நின்றார். "நான்தான், ஞாபகம் இருக்கட்டும்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். மூணுதரம் மூலையில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

கடைசியில் மகள் குழந்தையோடு வந்தாள். "யாரு வாங்கிக்கிறீங்க?"

குழந்தை மேல் இடிக்கப்போகிறதே என்று சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகினார். அந்த ஒரு நொடி போதும். பேப்பர் தரையில் விழுந்தது. பேத்தி மூணுதரத்தின் கையில் இருந்தாள். அடுத்த மூச்சில் தொட்டிலில் இருந்தாள்.

"அநியாயம்! காலையிலேர்ந்து நான்தானே கேட்டுட்டு நிக்கிறேன்!"

அந்த 'அநியாயம்' மூணுதரத்தின் காதில் தேனாகப் பாய்ந்தது.

"நேரத்துக்குள்ளதானே கேட்டேன் சம்பந்தி? வாயை மூடிக்குங்க, ஈ போகுது. அந்த மண்டு நான்தான்."

சம்பந்தி கிளியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

"எனக்கு எப்படித் தெரியும்... சரி, அடுத்தது நான் தூக்கறேன். முறையா விடுங்க."

"முறையாத்தானே? என் தொழிலே அதுதான்." மூணுதரம் தொட்டிலுக்குக் குறுக்கே நின்றார். "கையைத் தூக்குங்க. இன்னும் மேலே. கூடத்துக் கடைசி வரைக்கும் தெரியணும்."

சம்பந்தி கையை உயர்த்தி ஒற்றைக்காலில் எக்கி நின்றார்.

"ஒரு தரம்" என்றார் மூணுதரம்.

ரெண்டு தரம் சொல்ல அவர் அவசரப்படவே இல்லை.