கடுகு டப்பாவில் கேப்பர் விதை

சேலையூரில் எங்கள் மொட்டை மாடியில் வெயிலுக்குக் குறைவில்லை. பூமொக்கை ஊறுகாய் போடுவார்களே, அந்த வறட்சியைத் தாங்கும் கேப்பர் செடியை வளர்க்க ஆசைப்பட்டு, ஆன்லைனில் விதை வாங்கினேன். குளிர்ச்சியில் சில வாரம் இருந்தால்தான் முளைக்குமாம். பாதியை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மீதியைக் காலியாக இருந்த கடுகு டப்பாவில் கொட்டிவிட்டு, 'பூஞ்சை மருந்து கலந்தது, உண்ணக் கூடாது' என்று அச்சிட்ட உறையைத் தூக்கிப் போட்டேன்.

மறு வாரம் எனக்குக் கை எலும்பு முறிந்தது. ரிட்டயர் ஆன என் கணவர் முதன்முறையாக எலுமிச்சை சாதம் செய்து, தட்டில் கொண்டுவந்தார். கடுகு வெடிக்காமல் வளைந்து கிடந்தது. உற்றுப் பார்த்தேன். கடுகே இல்லை, நான் டப்பாவில் கொட்டிய கேப்பர் விதை.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. உனக்குக் குடுத்துட்டு சாப்பிடலாம்னு இருந்தேன்."

விஷயத்தைச் சொன்னதும் தட்டைப் பிடுங்கித் தள்ளி வைத்தார். "உன் வாயில விஷத்தை வைக்கப் பாத்தேனே," என்றார்.

"டப்பாவுல போட்டது நான்தாங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியும் நான்கு நாள் அவர் அடுப்புப் பக்கமே போகவில்லை.

இப்போது விதை எதுவானாலும் உறையோடு பீரோவில்தான் வைக்கிறேன். சமையலறை டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டியாயிற்று. நேற்று அவரே ரசம் வைத்தார்.